மாரத்தான் பரிசுப் பணம் கைக்கு வந்துசேர என்ன செய்ய வேண்டும்

பணம் தருகிற இடத்துக்குள் ஓடி முடிக்கிற அளவுக்குக் கால் பழகிவிட்டதா? சரி, இப்போது போட்டியின் விதிமுறைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். மாதக்கணக்கில் விடிகாலையில் எழுந்து ஓடிய ஒருவர், ஓட்டத்தில் ஜெயித்தும் தாளில் இருந்த ஒரு வரியால் பணத்தை இழக்கிறார் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் பார்க்க வேண்டியது, இடத்தை கன் டைமில் கணக்கிடுகிறார்களா, சிப் டைமிலா என்பது. சிப் டைம் என்பது நீங்கள் மாட்டியிருக்கும் சின்ன மின்னணு சிப் பதிவுசெய்யும் நேரம், நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும் நொடியில் ஆரம்பிக்கும், கன் டைம் துப்பாக்கி வெடித்த நொடியிலேயே ஓட ஆரம்பித்துவிடும். பெரும்பாலான போட்டிகளில் முக்கியப் பரிசுகளுக்கு கன் டைம்தான். பின்வரிசைக் கூட்டத்தில் சிக்கி, கோட்டை எட்டவே 2 நிமிடம் ஆனால் அந்த 2 நிமிடமும் உங்கள் தலையில்தான் விழும். வயதுப் பிரிவுக்கு மட்டும் சிப் டைம் என்று அதே தாளில் வேறு மூலையில் போட்டிருக்கலாம், அதையும் தேடிப் பாருங்கள்.

2008 சிகாகோ மாரத்தானில் வெஸ்லி கோரிர் எலைட் வரிசையில், அதாவது முன்னணி ஓட்டக்காரர்கள் தனியாகக் கிளம்பும் வரிசையில், இல்லை, அவர்கள் கிளம்பி 5 நிமிடம் கழித்துத்தான் ஓட ஆரம்பித்தார், ஆனால் அவருடைய நேரம் ஆண்களில் நான்காவது. அமைப்பாளர்கள் நான்காம் இடத்துக்கான பணத்தைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெண்கள் மாரத்தானில் ஒருவர் எலைட் வெற்றியாளரைவிட 11 நிமிடம் வேகமாக முடித்திருந்தும் முதலிடம் கிடைக்கவில்லை, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அவரையும் ஒரு வெற்றியாளராக அறிவித்தார்கள். யாருடைய பெருந்தன்மையையும் நம்பி நிற்காதீர்கள். உங்கள் பழைய நேரங்களை இணைத்து, எலைட் வரிசையில் இடம் கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள், அந்த விண்ணப்பம் பொதுப் பதிவுக்கு முன்பே முடிந்துவிடலாம்.

அப்புறம் தொகை. பாஸ்டனில் 1986-ல்தான் பரிசுப் பணமே ஆரம்பித்தது. 2024-ல் அங்கே முதலிடத்துக்கு 1,50,000 டாலர், இரண்டாமிடத்துக்கு 75,000, பத்தாமிடத்துக்கு 5,500. எவ்வளவு சீக்கிரம் சரிகிறது பாருங்கள்! பெரிய போட்டியில் பதினைந்தாவதாக வருவதைவிட, சின்னப் போட்டியில் மூன்றாவதாக வருவது பல நேரம் லாபம், அதனால் போன வருட முடிவுப் பட்டியலை எடுத்து உங்கள் நேரம் எந்த இடத்தில் உட்காரும் என்று பார்த்துவிட்டுப் போட்டியைத் தேர்ந்தெடுங்கள். சில இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்தால்தான் முழுத் தொகை. லண்டனில் 2024-ல் முதல் பரிசு 55,000 டாலர்தான், மிக வேகமான நேரத்துக்கான போனஸ் அதைவிடப் பெரியது. மாரத்தானைவிட நீளமான மலைப்பாதை ஓட்டமான அல்ட்ராவில் இந்தக் கணக்கே மாறும்: வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைலில் ஜெயித்தாலும் பணம் கிடையாது, 24 மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்கு வெள்ளி பெல்ட் பக்கிள்தான்.

ஷூவை அளந்து பார்த்துவிட்டுப் போங்கள். சாலை ஓட்டத்துக்கு அடிப்பாகத்தின் தடிமன் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2021 வியன்னா மாரத்தானில் டெராரா ஹுரிசா முதலாவதாக வந்தார், அவர் போட்டிருந்த ஷூவின் அடி 5 சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்துத் தகுதிநீக்கம் செய்தார்கள், 1 சென்டிமீட்டர் ரப்பரில் போனது அந்த வெற்றி. தண்ணீரும் இப்படித்தான், அதற்கென்று வைத்த மேசையில் மட்டும் எடுங்கள். 2024-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டி மாரத்தானில் முதலில் வந்தவர், சைக்கிளில் கூடவே வந்த அப்பாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததால் பட்டத்தை இழந்தார்.

ஓடி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள், ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூப்பிடலாம். முடிவு வந்த பிறகே பணம் வரும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். வரும்போதும் முழுசாக வராது. அமெரிக்காவில் வெளிநாட்டு ஓட்டக்காரரின் பரிசில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். 5,500 டாலரில் 1,650 அங்கேயே போச்சு. மேலாளருக்கு மொத்தத்தில் 15 சதவீதம் என்று ஒப்பந்தம் இருந்தால் இன்னும் 825 போகும், மிஞ்சுவது 3,025, அதில்தான் விமான டிக்கெட்டும் அறை வாடகையும். இரு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருந்தால் கொஞ்சம் குறையலாம், படிவத்தைப் போட்டிக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

வங்கி விவரம், பாஸ்போர்ட் நகல், பிப் எண் (சட்டையில் குத்திக்கொள்ளும் போட்டி எண்), அதிகாரப்பூர்வ முடிவுப் பக்கத்தின் படம், எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் ஓடிய வாரமே அனுப்புங்கள், என்றைக்குப் பணம் வரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தேதி தாண்டினால் மறுநாளே அதே மின்னஞ்சலுக்குக் கீழே மறுபடி எழுதுங்கள்.