வீட்டு வளவில் பறவை பார்ப்பதும் படம் பிடிப்பதும்: கொழும்பில் புதிதாகத் தொடங்குவோருக்கு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின்வளவு பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. ஒரு மாமரம், மதிலோரம் இரண்டு செவ்வரத்தை, ஒரு பப்பாசி, உடுப்புக் காயப்போடும் கொடி, அவ்வளவுதான். அந்தத் துண்டு நிலத்தில் மூன்று வருடத்தில் 31 வகைப் பறவைகளைப் பார்த்துக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். பறவை பார்க்க வேண்டுமென்றால் யாலைக்கோ சிங்கராஜாவுக்கோ போக வேண்டும் என்று என்னிடம் சொல்பவர்களுக்கு நான் முதலில் இந்தக் கொப்பியைத்தான் காட்டுவேன். ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. வாய்க்காலும் சதுப்பும் மாமரமும் பக்கத்தில் இருக்கும்வரை தொடர்மாடியின் மூன்றாம் மாடிப் பல்கனிக்கும் ஏதாவது வந்தே தீரும்.

பறவையின் பழக்கம் பிடிபட்டால் படம் எடுப்பது பாதி முடிந்த மாதிரி. கீழே உள்ள ஒழுங்கை அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: முதல் வாரம் கமரா வேண்டாம்

ஒரு கதிரை, ஒரு கொப்பி, ஒரு பேனை. தினமும் ஒரே இடத்தில், விடிய ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை இருங்கள். கொழும்பில் வருடம் முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, அதனால் நேரத்தை மாற்ற வேண்டி வராது. கதிரையையும் மாற்றாதீர்கள். நான்கைந்து நாளில் பறவைகள் உங்களையும் வளவில் உள்ள ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்.

என்ன வந்தது என்பதோடு எங்கே இருந்தது, என்ன செய்தது என்றும் எழுதுங்கள். என் கொப்பியில் ஒரு வரி: "5.55. குண்டுக்கரிச்சான், அன்டெனாக் கம்பியின் உச்சி, பாட்டு. 6.20. நிலத்துக்கு இறங்கியது, பூச்சட்டிக்குப் பின்னால், வாலைத் தூக்கித் தூக்கி." மறுநாளும் கிட்டத்தட்ட அதே நேரம், அதே பூச்சட்டி. மூன்றாம் நாள் எங்கே இருந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

படி 2: தண்ணீர் வையுங்கள், ஆனால் நுளம்பை மறக்காதீர்கள்

தீனியைவிடத் தண்ணீருக்குத்தான் அதிக வகைப் பறவைகள் வரும். அகலமான மண்சட்டி ஒன்று போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு கல்லை வையுங்கள், சின்னக் குருவிகள் அதில் இறங்கி நின்று குடிக்கும். பூனை பதுங்கக்கூடிய செடிகளிலிருந்து ஆறேழு அடி தள்ளி, ஆனால் பயந்தால் பறந்து ஏற ஒரு கொப்பு பக்கத்தில் இருக்கிற மாதிரி வையுங்கள்.

இது டெங்கு ஊர். தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் தினமும் காலையில் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு, சட்டியின் உட்பக்கத்தைத் தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரை மட்டும் மாற்றினால் அது அப்படியே இருக்கும். வெளியூர் போவதென்றால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

தீனி என்றால் பழுத்த பப்பாசியைப் பாதியாக வெட்டி ஒரு கொப்பில் செருகினால் போதும். கொண்டைக்குருவியும் குக்குறுவானும் வரும், அணிலும் வரும். சனிக்கிழமை விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைக்கும் வீடுகளில் (எங்கள் வீடும்தான்) அந்தச் சோற்றை மொட்டைமாடியில் வையுங்கள். தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் காகங்கள் அந்த இடத்தைத் தமதாக்கிக்கொள்ளும், சின்னக் குருவிகள் கிட்ட வராது.

படி 3: காதால் அறியுங்கள்

காகம், மைனா, கிளி, செண்பகம், குயில் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். கூட்டமாக வந்து சருகைக் கிளறிக்கொண்டு ஓயாமல் சத்தம் போடுபவை புலுனிகள். "டொப், டொப், டொப்" என்று ஒரே தாளத்தில் நீண்டநேரம் ஒரு சத்தம் கேட்டால் மரத்தின் உச்சியைப் பாருங்கள். சிவந்த நெற்றியும் நீலக் கன்னமும் உள்ள சின்னப் பச்சைக் குக்குறுவான் அது. உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் அது இருக்கிறது. தென்னையில் ஏறும் சிவப்பு முதுகு மரங்கொத்தியும் அப்படித்தான். இரண்டையும் என் பின்வளவிலேயே பார்த்திருக்கிறேன், அந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

பெயர் தெரியாவிட்டால் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடத்தின் மெர்லின் என்ற இலவசச் செயலி உதவும். அது தருவதை முடிவாக எடுக்காதீர்கள், கண்ணாலும் பார்த்து உறுதி செய்யுங்கள். செயலியில் உள்ள பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிட வேண்டாம். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துப் பாவம், அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

படி 4: இப்போது கமராவை எடுங்கள்

போன் கமராவே போதும், பத்தடிக்குள் வரும் பறவைக்கு. விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், படம் கலங்கும். எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் போனை ஒரு செங்கல்லில் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுவதும் நல்ல வழி.

தனிக் கமரா இருந்தால் 300 மில்லிமீற்றர் லென்ஸ் வசதி. ஷட்டர் வேகம், இருக்கிற பறவைக்கு 1/500 நொடி, பறக்கிற பறவைக்கு 1/2000 நொடி. ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறன்) தானியங்கியில் விட்டுவிடுங்கள். குவியம் (ஃபோகஸ்) எப்போதும் பறவையின் கண்ணில் இருக்க வேண்டும். கண் தெளிவாக இருந்தால் வால் சற்று மங்கினாலும் படம் நிற்கும். வெளிர் வானத்துக்கு முன்னால் இருக்கும் ஆண் குயிலை எடுத்தால் வெறும் கரிக்கட்டையாக வரும், வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) +1 ஆக்குங்கள். கருநிழலுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு −1. பறவை எச்சமிட்டால் விரலைப் பொத்தானில் வைத்துத் தயாராக இருங்கள், பெரும்பாலும் அடுத்த நொடி பறந்துவிடும்.

தேன்சிட்டில் தொடங்குங்கள் என்பேன். செவ்வரத்தைப் பூவுக்குள் அது தலையை விடுவது குறைவு. பூவின் அடிப்பக்கத்தில் காம்போடு சேருமிடத்தில் அலகால் துளைத்துத் தேனை எடுக்கும். ஏழெட்டு அடி தள்ளி இருந்து, பூவின் அடியில் குவியத்தை வைத்துவிட்டுக் காத்திருங்கள். பூவின் முகத்தை எதிர்பார்த்து நான் ஒரு மாதம் வீணாக்கியிருக்கிறேன். ஆணின் கழுத்தில் உள்ள ஊதா, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து, பறவை தலையை ஒரு கோணத்தில் திருப்பும்போதுதான் அது பளீரென்று எரியும். மற்ற நேரத்தில் கறுப்புத்தான். அந்தத் திருப்பத்துக்காகத்தான் தொடர்ந்து பல படம் எடுக்கும் வசதியைப் போட்டுவைக்க வேண்டும்.

நீண்ட லென்ஸைப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் திருப்பாதீர்கள். அந்த வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இப்போது "தம்பி, உன்ட மரங்கொத்தி வந்து நிக்குது" என்று மதிலுக்கு மேலால் கூப்பிடுகிறார்.

படி 5: கூடு கண்டால் விலகுங்கள்

கூட்டைப் படம் எடுக்க அருகில் போகவே கூடாது. நாம் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காகம் கவனிக்கும், அப்புறம் முட்டை மிஞ்சாது. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரியும். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு வரும் மாதங்களில், கூட்டை விட்டு வெளியே வந்த குயில் குஞ்சைக் காகம் ஊட்டுவதைத் தூரத்திலிருந்து எடுக்கலாம். வாய்த்தால் விடாதீர்கள்.

படி 6: மற்ற உயிர்கள், மற்ற கவனங்கள்

அணில் வாலை ஆட்டி விடாமல் கத்தினால் பூனையோ பாம்போ வல்லூறோ பக்கத்தில் இருக்கிறது. வாய்க்கால் பக்கத்து வீடுகளுக்குக் கபரகொயா (நீருடும்பு) வரும். வழியை மறிக்காமல் நின்றால் அது தன் பாட்டில் போய்விடும். இரவில் கூரையில் மரநாய் நடந்தால் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

லென்ஸை அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி வைத்ததில் என்னுடைய லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரிப் படர்ந்துவிட்டது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள்.

பின்வளவு பழகிய பிறகு தலங்கமக் குளம், பெத்தகான, தியசரு ஈரநிலப் பூங்காக்கள் என்று போகலாம். பேரை வாவியில் கூழைக்கடாக்களைப் பார்க்க பஸ் காசு மட்டும் போதும்.

கடைசியாக ஒன்று. ஒக்டோபர் அளவில் வலசை வரும் பறவைகளில் ஆறுமணிக் குருவியும் ஒன்று. விடியலிலும் மம்மலிலும் கத்துவதால் அந்தப் பெயர். குட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. நிலத்தில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடும். காலையில் முற்றம் கூட்டும்போது மாமரத்தின் கீழே ஒரு மூலைச் சருகை மட்டும் கூட்டாமல் விட்டுவிடுங்கள்.