விட்டுப்போன பியானோ விரல்களுக்கு

மூன்று வருடம் கழித்து நாகர்கோவில் வீட்டில் பியானோவைத் திறந்தேன். எடுத்ததுமே இசையமைப்பாளர் ஷோபானின் ஃபான்டஸி இம்ப்ராம்ப்டு என்ற பியானோ இசைத்துண்டு. ஆசைதான்! வலது கையில் நான்கு சுரம் ஓடும் நேரத்தில் இடது கையில் மூன்று ஓட வேண்டும். விரல் அங்கேயே தடுக்கியது.

உங்களுக்கும் இப்படித் தடுக்கினால், முதலில் இருந்து வாசிக்காதீர்கள். தடுக்கும் இரண்டு பாரை (இசைத்தாளில் கோடு பிரிக்கும் பகுதியை) பென்சிலால் வட்டமிடுங்கள். இடது கை மட்டும், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டில், கண்ணை மூடினாலும் வரும்வரை. அப்புறம் வலது. சேர்க்கும்போது ஒவ்வொரு பீட்டின் தொடக்கத்தில் இரு கையும் சந்தித்தால் போதும். நடுவில் கணக்குப் பார்த்தால் கை இறுகிவிடும். மணிக்கட்டு வலித்தால் உடனே பியானோவை மூடிவிடுங்கள்.

இன்னொன்று. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் ஈரத்தில் பியானோக் கட்டைகள் ஒட்டும். அந்தப் பழியையும் விரல் மேல் போடாதீர்கள்.