மின்கம்பி வழியே ரௌட்டருக்கு இணையம்: பவர்லைன் அடாப்டரைப் பொருத்தும் முறை

இணைய மோடம் ஓர் அறையிலும் ரௌட்டர் இருக்க வேண்டிய இடம் வேறோர் அறையிலுமாக அமைந்து, இடையில் லேன் கேபிள் இழுக்க வழியே இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேபிள் இழுக்க முடிந்தவர்கள் அதையே செய்யுங்கள். மோடம் பக்கம் ஒன்றும் ரௌட்டர் பக்கம் ஒன்றுமாகச் செருகி, வீட்டு மின்கம்பி வழியே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் அதற்கு ஈடாகாது.

வாங்கும்போது இரண்டு அடாப்டர்களும் ஒரே தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். ஹோம்பிளக் ஏவி2 வகையும் ஜி.ஹெச்.என் வகையும் ஒன்றோடொன்று பேசாது. அட்டைப்பெட்டியில் 1000 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருந்தாலும் நடைமுறையில் பெரும்பாலும் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. மலிவான சில மாடல்களில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான் என்பதால், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். முகப்பிலேயே ஒரு பிளக் துளையும் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் இரண்டு அடாப்டர்களையும் ஒரே அறையில், அருகருகே உள்ள சுவர் சாக்கெட்டுகளில் செருகுங்கள். ஒன்றில், இரண்டையும் இணைக்கும் பேர் (Pair) பட்டனைச் சிறிது நேரம் அழுத்திவிட்டு, 2 நிமிடங்களுக்குள் மற்றதிலும் அழுத்துங்கள். பல மாடல்களில் அந்தப் பட்டனை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் பழைய இணைப்பே அழிந்துவிடும் என்பதால் கையேட்டில் உள்ள நேர அளவைப் பின்பற்றுங்கள். இணைப்பு விளக்கு எரிந்தபின் தாராளமாகக் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டு செல்லலாம். இணைந்தது நினைவில் இருக்கும்.

பிறகு மோடத்தின் லேன் போர்ட்டை முதல் அடாப்டருடனும், இரண்டாவது அடாப்டரை ரௌட்டரில் இணையம் உள்ளே வரும் வேன் (WAN) போர்ட்டுடனும் கேபிளால் இணையுங்கள். ரௌட்டரைப் பொறுத்தவரை இது நீளமான ஒரு லேன் கேபிள்தான். எனவே இணைய நிறுவனம் தந்த பயனர்பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை வழக்கம்போல் ரௌட்டரிலேயே இட்டால் போதும்.

பலரும் தடுமாறுவது சாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான். எக்ஸ்டென்ஷன் போர்டு, திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டர், யுபிஎஸ் ஆகிய எதிலும் அடாப்டரைச் செருகாதீர்கள். சில மெகாஹெர்ட்ஸ் முதல் பல மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில்தான் அடாப்டர் தரவை அனுப்புகிறது. சர்ஜ் புரொடெக்டருக்குள் இருக்கும் வடிகட்டியோ அதே அதிர்வெண்களை இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடுகிறது. சுவரில் ஒரே சாக்கெட்தான் உள்ளது என்றால், அடாப்டரைச் சுவரிலும் எக்ஸ்டென்ஷன் போர்டை அடாப்டரின் பிளக் துளையிலும் செருகுங்கள். அந்தத் துளையில் பொதுவாக இருக்கும் வடிகட்டி, போர்டில் மாட்டிய சாதனங்களின் இரைச்சலை உள்ளே வராமல் தடுத்துவிடும்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இரு சாக்கெட்டுகளும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் வேகம் வெகுவாகக் குறையும், இணைப்பே கிடைக்காமலும் போகலாம். ஒரு ஃபேஸ் மட்டும் போகும்போது எந்தெந்த அறைகள் ஒன்றாக இருளுகின்றன என்று கவனித்தாலே ஓரளவு தெரிந்துவிடும். மின்பெட்டியைத் திறந்து பார்க்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். ஒரே ஃபேஸாக இருந்தும் வேகம் ஏறி இறங்கினால், அருகிலுள்ள செல்போன் சார்ஜர், எல்இடி விளக்கு, மோட்டார் உள்ள சாதனம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி வேகத்தை அளந்து பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை முதலில் சந்தேகிக்க வேண்டியது சார்ஜரைத்தான்.

பின்சேர்க்கை: செருகியவுடனே விளக்கு எரிகிறதே, பட்டனை எதற்கு அழுத்த வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஹோம்பிளக் ஏவி வகை அடாப்டர்களில் பல, எல்லோருக்கும் தெரிந்த பொதுவான ஒரு தொழிற்சாலைக் கடவுச்சொல்லுடன் வருவதால்தான் தாமாகவே இணைகின்றன. அடுக்குமாடிக் கட்டடங்களில் சிக்னல் பக்கத்து வீட்டுக் கம்பிவரை செல்லக்கூடும். பட்டனை அழுத்தும்போதுதான் உங்களுக்கே உரிய புதிய குறியாக்கச் சாவி உருவாகிறது.

மோடமே ரௌட்டராகவும் செயல்பட்டால், இரண்டாவது ரௌட்டரை, தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் ஒரு ரௌட்டருக்குப் பின்னால் இன்னொரு ரௌட்டராக நின்று, ஒரே வீட்டிலுள்ள பிரின்டரும் கணினியும் ஒன்றையொன்று காணாமல் தவிக்கும்.