விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக் கழிப்பது எப்படி

பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை உலகைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் முதன்முறை தங்கப்போகிறவர், காற்றோட்டத்தைக் கவனிக்கப் பழகுவதிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே கைவிட்ட பொருள் கீழே விழுவதில்லை; மின்விசிறிகள் கிளப்பும் காற்று இழுத்த பக்கம் மெல்ல நகர்ந்து போய்விடும். எனவே கருவிகளை எடுத்ததும் வெல்க்ரோ என்னும் ஒட்டுப்பட்டையில் ஒட்டி வையுங்கள். அப்படியும் ஒரு திருகு காணாமற்போனால், காற்றை உள்ளிழுக்கும் வடிகட்டிகளின் மேற்பரப்பை முதலில் பாருங்கள்.

உறங்கும்போது இதே காற்று உயிர்க்காவலாகிறது. சூடான காற்று மேலெழும் இயல்பு எடையின்மையில் இல்லாமற்போவதால், நாம் வெளிவிடும் கரியமில வாயு முகத்தைச் சுற்றியே தேங்கித் தலைவலியைத் தரக்கூடும். ஆகவே சிறிய உறக்க அறையின் சுவரில் உறக்கப் பையைக் கட்டும்போது, காற்று முகத்தில் படுகிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கண்ணை மூடுங்கள். நாளொன்றுக்குச் சுமார் 16 முறை சூரியன் உதிப்பதால் சன்னலை நம்பாமல், கிரீன்விச் நேரம் காட்டும் கடிகாரத்தையே பின்பற்றுங்கள்.

உணவில் துகள் உதிராமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். ரொட்டித்துண்டுக்குப் பதிலாக, சப்பாத்தி போன்ற டார்ட்டியாவையும், தூள் உப்புக்குப் பதிலாக நீரில் கரைத்த உப்பையும் பயன்படுத்துங்கள். உடல் நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கடைப்பதால் சுவை மங்கியதுபோல் தோன்றும். காரமான சாறு சேர்த்துக்கொண்டால் சாப்பாடு இறங்கும்.

எவ்வளவு வேலை இருந்தாலும், நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேர உடற்பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். பயிற்சி இல்லாவிட்டால், உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறையும். ஓடுபொறியில் ஏறும் முன் தோள்பட்டையையும் இடுப்பையும் சுற்றிய வார்களை இழுவைக் கயிறுகளோடு இணையுங்கள். அவை கீழ்நோக்கி இழுத்தால்தான் கால் தளத்தில் பதியும். வியர்வை வழிந்தோடாமல் தோலின் மேலேயே திரண்டு நிற்குமாதலால் உடனுக்குடன் துண்டால் ஒற்றியெடுத்து, அத்துண்டைக் காற்றுப்படும் இடத்தில் விரித்துக் கட்டுங்கள். அதிலிருந்து ஆவியாகும் ஈரத்தையும் நிலையத்தின் கருவிகள் சேகரித்துத் தூய்மையாக்கிக் குடிநீராகத் திருப்பித் தருகின்றன.