கேரக்டர் புரியலையா, அவங்க பேசுற வரியை மட்டும் பாருங்க

சிலப்பதிகாரத்துல வழக்குரை காதை படிக்கிற பசங்க நோட்ஸை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, பாண்டியன் பேசுற வரிகளை மட்டும் பென்சில்ல அடிக்கோடு போட்டுட்டு வரிசையா படிச்சுப் பாருங்க. மொதல்ல "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று"னு, அதாவது திருடனைக் கொல்றது கொடுங்கோல் இல்லைன்னு, கோவலனைத் திருடன்னு சொல்றான், அப்புறம் கண்ணகி சிலம்பை உடைக்க, ராணியோட சிலம்புல இருக்கிற முத்துக்குப் பதிலா மாணிக்கம் தெறிக்குது, உடனே "யானோ அரசன் யானே கள்வன்"ங்கிறான். அதே கள்வன்ங்கிற சொல் கோவலன்கிட்ட இருந்து ராஜா தலையில வந்து விழுது பாருங்க, எனக்கு இப்பவும் சிலிர்க்கும். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் (ஆட்சியில தப்பு பண்ணவங்களுக்கு அறமே எமனாகும்)ங்கிற கருப்பொருளும் இங்கயேதான் இருக்கு. பரீட்சையில இந்த ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, நடுவுல என்ன மாறுச்சுன்னு உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க.