ஆண்ட்ராய்டு ஸ்மார்ட் வாட்சை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வது எப்படி?

ஸ்மார்ட் வாட்ச் வாங்கியவர்களில் பலர் சில மாதங்களில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டைத்தான் சொல்வார்கள்: நாள் முழுக்க அது கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது, தேவைப்பட்ட நேரத்தில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே வாட்சைக் கட்டிக்கொண்டால் இந்த இரண்டும் நடக்கத்தான் செய்யும், ஏனெனில் போனுக்கு வரும் அறிவிப்புகளில் பெரும்பாலானவை கைக்கும் வரும்படிதான் தொடக்க அமைப்பு இருக்கிறது. எதையெல்லாம் சேர்க்கலாம் என்று தேடுவதற்கு முன் எதையெல்லாம் நிறுத்தலாம் என்பதை முதல் வாரத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நோக்கிலேயே இந்தச் செய்முறையை எழுதியிருக்கிறேன்.

படி 1: வாங்கும் முன் வகையை உறுதிசெய்யுங்கள்

ஸ்மார்ட் வாட்ச் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவை எல்லாம் ஆண்ட்ராய்டு வாட்சுகள் அல்ல. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு விற்கப்படுபவை தமக்கென்று உள்ள ஓர் எளிய மென்பொருளில் இயங்குகின்றன. அவை போனுக்கு வரும் செய்தியைக் காட்டும், நடையை எண்ணும், பல நாள்கள் சார்ஜ் தாங்கும், ஆனால் அவற்றில் பிளே ஸ்டோரிலிருந்து எந்தச் செயலியையும் நிறுவ முடியாது. கூகுளின் வாட்ச் இயங்குதளம் 2014இல் ஆண்ட்ராய்டு வேர் என்ற பெயரில் அறிமுகமாகி, 2018இல் வேர் ஓஎஸ் என்று பெயர் மாறி, 2021இல் சாம்சங்கின் கூட்டுடன் பெருமளவு மாற்றியமைக்கப்பட்டது. கேலக்ஸி வாட்ச் 4 முதலான சாம்சங் வாட்சுகள், 2022இல் தொடங்கிய கூகுளின் பிக்சல் வாட்ச் வரிசை, 2024இல் வெளிவந்த ஒன்பிளஸ் வாட்ச் 2 ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை ஐபோனுடன் இணைக்க முடியாது. சாம்சங் வாட்சில் இசிஜி எடுக்கும் வசதி வேண்டுமென்றால் போனும் சாம்சங்காக இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

போன் எப்போதும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்குமென்றால் புளூடூத் மாடலே போதுமானது. போன் அருகில் இல்லாவிட்டாலும் மொபைல் நெட்வொர்க்கில் தானே இணையும் எல்டிஇ மாடலுக்கு விலை கூடுதல், அதனுள்ளேயே அமைந்த இ-சிம்முக்குத் தனித் திட்டம் தேவைப்படலாம், சார்ஜும் விரைவாகக் குறையும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடவோ நீந்தவோ செல்பவர்களுக்கே அது பயன்படும். இந்த மூன்று வரிசை வாட்சுகளிலும் கேமரா இல்லாததால், கடைகளில் க்யூஆர் குறியீட்டைப் படித்துப் பணம் செலுத்துவதற்குப் போனைத்தான் எடுக்க வேண்டும்.

படி 2: போனுடன் இணையுங்கள்

வாட்சை முழுமையாக சார்ஜ் செய்துவிட்டு, அதற்குரிய துணைச் செயலியைப் போனில் நிறுவுங்கள். சாம்சங்குக்கு கேலக்ஸி வேரபிள், பிக்சலுக்கு கூகுள் பிக்சல் வாட்ச், ஒன்பிளஸுக்கு ஓஹெல்த். போனின் புளூடூத் பட்டியலுக்குச் சென்று நேரடியாக இணைக்க முயல வேண்டாம்; துணைச் செயலியைத் திறந்தால் அதுவே வாட்சைக் கண்டுபிடித்து, இரண்டு திரைகளிலும் ஒரே எண் தெரிகிறதா என்று கேட்கும். இணைந்த பிறகு மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால், சார்ஜரில் வைத்தபடியே அதை முடித்துவிடுங்கள்.

இதற்குப் பின் பலர் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் இயங்கும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும் போன்கள் பல உள்ளன. துணைச் செயலியும் அப்படி நிறுத்தப்பட்டால், வாட்ச் இணைந்திருப்பதுபோல் தோன்றினாலும் செய்திகள் வராது, அல்லது அரை மணி நேரம் கழித்து மொத்தமாக வந்து கொட்டும். போனின் அமைப்புகளில் துணைச் செயலியின் பக்கத்தைத் திறந்து, பேட்டரி என்ற பகுதியில் ‘கட்டுப்பாடு இல்லை’ என்ற தேர்வை இடுங்கள். தானாகத் தொடங்கும் அனுமதி தனியாக இருக்கும் போன்களில் அதையும் கொடுத்துவிடுங்கள்.

படி 3: அறிவிப்புகளை வடிகட்டுங்கள்

இந்தச் செய்முறையில் நீங்கள் நிதானமாக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். துணைச் செயலியில் அறிவிப்புகள் என்ற பகுதிக்குள் சென்றால், போனில் உள்ள செயலிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொத்தான் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிறகு தொலைபேசி அழைப்பு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், நாட்காட்டி ஆகிய நான்கை மட்டும் திறந்து, இரண்டு மூன்று நாள்கள் அப்படியே இருங்கள். வேறு எதன் அறிவிப்பாவது கையில் வராததால் உண்மையாகவே ஒரு வேலை கெட்டது என்றால் அந்தச் செயலியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ப்பதா வேண்டாமா என்ற தயக்கம் வந்தால், ‘இந்தச் செய்தி வந்தவுடன் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துவேனா?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு உணவு வரவழைக்கும் செயலி அனுப்பும் தள்ளுபடிச் செய்திக்கு யாரும் வேலையை நிறுத்தப்போவதில்லை. பள்ளியிலிருந்து வரும் அழைப்புக்கு நிச்சயம் நிறுத்துவோம்.

வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை பொத்தானைத் திறப்பதோடு வேலை முடிவதில்லை. குடும்பக் குழு, அடுக்குமாடிக் குடியிருப்புக் குழு, பழைய வகுப்புத் தோழர்கள் குழு என்று காலை வணக்கப் படங்கள் வரத் தொடங்கினால், ஆறரை மணிக்கே கை அதிர ஆரம்பித்துவிடும். அந்தக் குழுக்களைப் போனிலேயே மியூட் செய்யுங்கள்; வாட்சிலும் அவை அடங்கிவிடும். தனிப்பட்டவர்கள் அனுப்பும் செய்திகள் மட்டும் கைக்கு வந்தால் போதும்.

சாம்சங் வாட்சில், போனைப் பயன்படுத்தாத நேரத்தில் மட்டும் அறிவிப்பைக் காட்டும் தேர்வும் உண்டு. அதை இட்டுவிட்டால், போனில் படித்துக்கொண்டிருக்கும் செய்திக்கே கையும் அதிர்வது நின்றுவிடும். ‘தொந்தரவு செய்யாதே’ நிலையைப் போனும் வாட்சும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பையும் இயக்கி வையுங்கள். ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டு அதிர்வை மட்டும் வைத்துக்கொள்வது அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்களுக்கும் நல்லது.

தமிழில் வரும் செய்திகளும் வாட்சில் அப்படியே தெரியும். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், எழுத்தளவு பெரிதாக இருந்தால் ஒரு வரியில் ஒரு சொல்லோ இரண்டு சொற்களோதான் அடங்கும். கண்ணுக்கு ஒத்துக்கொள்ளும் அளவில் எழுத்தைச் சற்றுக் குறைத்தால் வட்டத் திரையில் படிப்பது எளிதாகும். பதில் அனுப்புவதற்கு அந்தச் சிறிய விசைப்பலகையுடன் போராட வேண்டியதில்லை. விரைவுப் பதில்கள் என்ற பகுதியைப் போனில் திறந்து, ஆங்கிலத்தில் உள்ள வாக்கியங்களை நீக்கிவிட்டு, ‘வண்டியில் இருக்கிறேன், பிறகு கூப்பிடுகிறேன்’, ‘கூட்டத்தில் இருக்கிறேன்’, ‘சரி, வாங்கி வருகிறேன்’ என்று நீங்கள் வழக்கமாக எழுதும் வாக்கியங்களைத் தமிழிலேயே சேர்த்து வையுங்கள். நம் வீட்டாருக்கு நம் மொழியில் ஒரே தொடுதலில் பதில் போய்ச் சேரும்.

படி 4: திரையை எளிமையாக வையுங்கள்

கறுப்புப் பின்னணியும் பெரிய எண்களும் உள்ள முகப்பைத் தேர்ந்தெடுங்கள். இந்த வாட்சுகளில் உள்ளது ஓஎல்இடி வகைத் திரை. அதில் கறுப்பாக இருக்கும் புள்ளிகள் ஒளிர்வதே இல்லை என்பதால் சார்ஜ் மிச்சமாகும். முகப்பில் நேரம், தேதி, பேட்டரி அளவு, அடுத்த சந்திப்பு ஆகியவை போதும். பக்கவாட்டில் தள்ளினால் வரும் டைல்களில் நீங்கள் தினமும் பார்ப்பவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

டைமர் டைலுக்கு அங்கே ஓர் இடம் கொடுங்கள். குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வேறு அறைக்குச் செல்பவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள வசதி இந்த வாட்சில் குறைவு. போனை எங்கே வைத்தோம் என்று தெரியாதபோது அதை ஒலிக்கச் செய்யும் பொத்தானும் அப்படித்தான். இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு கூகுள் மேப்ஸைப் பரிந்துரைக்கிறேன்: திருப்பம் வருவதற்கு முன் வாட்ச் அதிர்ந்து உணர்த்துவதால் போனைப் பையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. திசையைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

படி 5: சார்ஜ் செய்யும் நேரத்தை அன்றாட வழக்கத்தில் சேருங்கள்

வாட்சின் பேட்டரி மிகச் சிறியது. 40 மில்லிமீட்டர் கேலக்ஸி வாட்ச் 4இல் இருப்பது 247 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைக் குறிக்கும் அலகு). இன்றைய போன்களில் சாதாரணமாக 5,000 எம்ஏஎச் இருக்கிறது. கேலக்ஸி வாட்ச் 6 எப்போதும் ஒளிரும் திரையுடன் 30 மணி நேரமும், அதை அணைத்தால் 40 மணி நேரமும் தாங்கும் என்று சாம்சங் சொல்கிறது. முதல் பிக்சல் வாட்சுக்கு கூகுள் சொன்னது 24 மணி நேரம். ஒன்பிளஸ் வாட்ச் 2, எளிய வேலைகளுக்கென்று இரண்டாவது சிப் ஒன்றையும் தனி மென்பொருளையும் வைத்துக்கொண்டு 100 மணி நேரம் வரை தாங்கும் என்று அறிவிக்கப்பட்டது. இவை எல்லாம் நிறுவனங்கள் சொல்லும் உச்ச அளவுகள். ஜிபிஎஸ்ஸுடன் ஒரு மணி நேரம் நடந்தாலோ, வாட்சிலேயே அழைப்புகளைப் பேசினாலோ குறையும்.

எனவே இரவு முழுவதும் சார்ஜில் போடும் போன் பழக்கத்தை வாட்சுக்குக் கொண்டுவர வேண்டாம். தூக்கத்தை அளக்க வேண்டுமென்றால் இரவில் அது கையில் இருக்க வேண்டும். காலையில் குளிக்கப் போகும்போது கழற்றிச் சார்ஜரில் வைத்து, உடுத்திச் சாப்பிட்டு முடித்தபின் எடுத்துக் கட்டுங்கள்; இரவு உணவு நேரத்தில் மறுபடியும் சிறிது நேரம் வையுங்கள். பெரும்பாலோருக்கு இந்த இரண்டு இடைவெளிகளே போதும். படுக்கும்போது 35 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் காலை வரை கவலையில்லை. சார்ஜர் குளியலறைக்குச் செல்லும் வழியில், கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

அப்படியும் போதவில்லை என்றால், எப்போதும் ஒளிரும் திரையை முதலில் அணையுங்கள். கையை உயர்த்தினாலே திரை விழித்துக்கொள்ளும் என்பதால் பெரிய இழப்பு இல்லை. தூங்கும்போது உறக்க நிலையை இயக்கினால், திரை ஒளிராமலும் கை அதிராமலும் இருக்கும்.

படி 6: அளவீடுகளைச் சரியாக எடுங்கள், அளவோடு நம்புங்கள்

வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் பச்சை விளக்குகள் மினுங்குவதைக் காணலாம். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் பாயும் இரத்தத்தின் அளவு மாறுவதால் திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது, அந்த மாற்றத்தை எண்ணித்தான் இதயத் துடிப்பு கணக்கிடப்படுகிறது. வாட்ச் தளர்வாக ஆடினால் வெளி ஒளி உள்ளே புகுந்து கணக்குத் தவறிவிடும். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டாமல், ஒரு விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளிக் கட்டுங்கள். உடற்பயிற்சியின்போது ஒரு துளை இறுக்கி, முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் அளவீடு சரியாக வராமல் போகலாம். மற்ற கையில் கட்டிப் பாருங்கள்.

நடைப்பயிற்சியின் தூரம் சரியாக வர வேண்டுமென்றால், திறந்த வெளிக்கு வந்து ஜிபிஎஸ் கிடைத்துவிட்டதாகத் திரை காட்டிய பிறகு தொடங்குங்கள். சாம்சங் வாட்சில் இரத்த அழுத்தம் பார்ப்பவர்கள், கைப்பட்டை உள்ள வழக்கமான கருவியுடன் 28 நாள்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்தாக வேண்டும். மாதக் கணக்கில் துடிப்பும் தூக்கமும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்ப்பதற்கு இந்த எண்கள் மிகவும் உதவும். ஆனால் ஓர் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. நெஞ்சு வலிக்கும்போது ‘வாட்சில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

படி 7: தண்ணீரும் வியர்வையும்

வாட்சின் நீர் தாங்கும் திறனைக் காட்டும் 5 ஏடிஎம் என்ற குறிப்பு, அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்குவதாகச் சோதிக்கப்பட்டது என்பதையே சொல்கிறது. மழை, கைகழுவல், நீச்சல் குளம் ஆகியவற்றுக்கு அது போதும். வெந்நீர், நீராவி, சோப்பு, ஷாம்பு ஆகியவை நீர் புகாமல் தடுக்கும் அடைப்பை நாளடைவில் பலவீனப்படுத்தும்; குளிக்கும்போது சார்ஜரில் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கடலில் இறங்கினால் பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள்.

தோலில் அரிப்போ சிவப்போ வந்தால், பட்டைக்கு அடியில் தங்கிய வியர்வையும் சோப்புமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ரப்பர் பட்டையை வாரத்துக்கு இரண்டு முறையாவது கழற்றி, தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்திக் கட்டுங்கள். கோடைக்காலத்தில் துணிப் பட்டை வசதியானது. தோல் பட்டை நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்றதல்ல.

படி 8: பூட்டும் போன் மாற்றமும்

வாட்சுக்கு நான்கு இலக்கப் பின் எண் ஒன்றை இடுங்கள். காலையில் கட்டும்போது ஒருமுறை திறந்தால், கையில் இருக்கும்வரை அது மறுபடியும் கேட்காது. கழற்றியவுடன் தானாகப் பூட்டிக்கொள்ளும். வங்கியின் ஓடிபி எண்கள் கையில் வந்து விழும் ஒரு கருவிக்கு இந்தப் பூட்டு கட்டாயம் தேவை.

புதிய போன் வாங்கும்போது, வாட்சில் வேர் ஓஎஸ் 4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், வாட்சை அழிக்காமலேயே புதிய போனுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய பதிப்பென்றால் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து மீண்டும் இணைக்க வேண்டியிருக்கும். வாட்சை மற்றவருக்குக் கொடுப்பதானால், முதலில் துணைச் செயலியிலிருந்து அதை நீக்கி, பிறகு வாட்சைத் தொடக்க நிலைக்கு மாற்றி, உங்கள் கணக்கு அதில் இல்லை என்று பார்த்தபின் கொடுங்கள். பழைய வாட்ச் ஒன்றை நீங்கள் வாங்குவதாக இருந்தாலும், பணம் கொடுக்கும் முன் உங்கள் போனுடன் அங்கேயே இணைத்துப் பார்த்துவிடுங்கள்.