அஃபிலியேட் திட்டத்தை நானே கெடுத்து, நானே சரிசெய்த கதை

எங்கள் கைத்தறிப் புடவைக் கடைக்கு ஆன்லைனில் அஃபிலியேட் திட்டம் (மற்றவர்கள் எங்கள் கடை லிங்க்கைப் பகிர்ந்து, அதன் வழியாக விற்பனை நடந்தால் அவர்களுக்குக் கமிஷன்) ஆரம்பித்தபோது, லிங்க் கொடுத்தால் போதும், விற்பனை தானாக வரும் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். கேட்டவர்களை எல்லாம் சேர்த்தேன், மெயில்களுக்குப் பதில் போடவில்லை, கமிஷனையும் இரண்டு மாதம் இழுத்தடித்தேன். நல்ல வீடியோக்கள் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா, "தம்பி, லிங்க்கை எடுத்துட்டேன்" என்று ஒரே வரியில் மெசேஜ் அனுப்பியபோதுதான் உறைத்தது.

உட்கார்ந்து ஆர்டர்களைப் பார்த்தால், கமிஷனில் பெரும்பகுதி, தள்ளுபடிக் கோடுகளைத் தொகுத்துப் போடும் ஒரு கூப்பன் தளத்துக்குப் போயிருந்தது. அக்காவின் வீடியோவைப் பார்த்து வந்தவர், பணம் கட்டும் பக்கத்தில் 'கூப்பன் கோடு' என்ற கட்டத்தைக் கண்டதும் கூகுளில் தேடி, அந்தத் தளம் வழியாகத் திரும்ப வருகிறார். வாங்குவதற்கு முன் கடைசியாகக் கிளிக் செய்த லிங்க்குக்குத்தான் காசு என்பதால் உழைத்தவருக்குப் பூஜ்யம். இன்னொருவர் எங்கள் கடைப் பெயரிலேயே கூகுள் விளம்பரம் போட்டு, எப்படியும் எங்களிடம் வரவிருந்தவர்களையே கூட்டிவந்து கமிஷன் வாங்கியிருந்தார். கெட்டிக்காரர்தான்!

சரி, முதல் வேலையாகப் பழைய பாக்கியைக் கட்டினேன். அப்புறம் கடைப் பெயரில் விளம்பரம் கூடாது, கூப்பன் தளங்களுக்குக் கமிஷன் கிடையாது என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். அக்காவுக்குத் தனிக் கோடு. அதைப் போட்டு வாங்கினால், கடைசிக் கிளிக் யாருடையதாக இருந்தாலும் கமிஷன் அவருக்கே. கேஷ் ஆன் டெலிவரி பார்சல்கள் திரும்பி வரும் என்பதால், ரிட்டர்ன் நாட்கள் முடிந்த ஆர்டர்களுக்கு மட்டும், மாதாமாதம் 10ஆம் தேதி பணம்.

அக்கா மூன்று வாரம் கழித்து லிங்க்கைத் திரும்பப் போட்டார்.